மஞ்சள் கரு

அத்தியாயம் 9

அவித்த முட்டையை இரண்டாக வகிர்ந்து, வெள்ளை கிழியாமல் மஞ்சளை மட்டும் கட்டை விரலால் நெம்பி எடுப்பதில் சீதாவை மிஞ்ச மேற்கு மாம்பலத்தில் ஆளில்லை. எல்லாம் ஆறு மாதப் பழக்கம்.

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேசை முழுக்க முட்டை ஓடு. அறுபது முட்டை. வெள்ளையெல்லாம் தாம்பாளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மஞ்சளெல்லாம் எவர்சில்வர் தூக்கில் குவிந்துகொண்டிருந்தன.

மாலை நான்கு மணிக்குத் தியாகராய நகரில் ஊர்க்காரர்கள் சங்கக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேட்டையில் எந்தக் கடைக்காரரும் கல்லாவை விட்டு நகர மாட்டார் என்பதால் சங்கம் கூடுவது எப்போதும் புதன்கிழமைதான். இன்றைய சிறப்புப் பேச்சாளர் சீதாவின் வீட்டுக்காரர், சாட்சாத் கனகராஜ். தலைப்பு, ‘மாத்திரை இல்லாமல் கொழுப்பை வென்றேன்.’ வருகிறவர்கள் ருசி பார்க்க மிளகு தூவிய வெள்ளைக்கரு, கொள்ளு சூப், கம்பு உருண்டை.

வென்றவர் கனகராஜ். அவித்தவள், உரித்தவள், வகிர்ந்தவள் சீதா.

ஆழ்வார்பேட்டை டாக்டர் ஆஃப்ரீன் போன வாரம் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடிப்படி ஏறினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று மகள் தாரணிதான் சீதாவைத் தரதரவென்று அங்கே இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஆறு மாதம் முன்பு கனகராஜ் அரண்டுபோய் வீட்டையே தலைகீழாகப் புரட்டினாரே, அந்த அளவைவிட இது அதிகம்.

“உங்கம்மா எதுல தவறினாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“நெஞ்சுவலி. அம்பத்தி மூணு வயசு. அடுப்படியில நின்னபடியே விழுந்துட்டாங்க.”

சீதாவுக்கு இப்போது ஐம்பத்தொன்று. டாக்டர் பேனாவை எடுத்தார். “உங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுலயே இறங்கினது நல்ல விஷயம். அவருக்கு அது போதுமா இருந்தது. உங்களுக்குப் போதாது. இது குடும்பத்துல வர்றது. சாப்பாடும் மாறணும், மாத்திரையும் வேணும். இன்னிக்கே ஆரம்பிங்க. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.”

கூடப் பிறந்தவள் ஒருத்தி, மணிமொழி, அடையாறில் இருக்கிறாள். தன் மகனுக்கு வேறு சாதியில் பெண் எடுத்தாள் என்று நான்கு வருடமாகக் கனகராஜ் அந்த வாசலை மிதிக்கவில்லை, சீதாவையும் மிதிக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருந்துச் சீட்டைக் கனகராஜ்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய ஜாக்கெட் துணிக் கடைக்கு அடுத்த கடையே மருந்துக் கடை. “வரும்போது வாங்கிட்டு வாறேன்” என்றார். அது வெள்ளிக்கிழமை.

அன்றிலிருந்து சட்டை தினமும் மாறியது. பையில் இருந்த பேனாவும் கண்ணாடியும் மருந்துச் சீட்டும் ஒவ்வொரு நாளும் புதுச் சட்டைக்குக் குடிபெயர்ந்தன. மாத்திரை மட்டும் வந்து சேரவில்லை.

சீதா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கனகராஜ் நிலைக்கண்ணாடி முன் நின்று, கையை வீசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயதில் தொப்பை கரைந்து, மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. வந்த களையெல்லாம் சீதா கொடுத்தது.

“அத்தான், மாத்திரை?”

“என்ன மாத்திரை?”

“டாக்டர் எழுதினது.”

“ஓ, அதுவா. இன்னைக்குக் கூட்டம் முடியட்டும். நாளைக்கு வாங்கிக்கிடுவோம்.”

“வெள்ளிக்கிழமையிலேருந்து இதத்தான சொல்லுதீங்க.”

கனகராஜ் திரும்பினார். “நீயே யோசி சீதா. மருந்துக் கடைக்காரன் நம்ம ஊர்க்காரன். ‘அண்ணாச்சி, மதினிக்குக் கொழுப்பு மாத்திரையா’ன்னு கேட்டு நாலு பேர்ட்ட சொல்லுவான். நான் மேடையில நின்னு மாத்திரையே வேண்டாம்னு பேசுதேன். எம் பொண்டாட்டி மாத்திரை முழுங்குதான்னா எம் மொகத்த எங்க கொண்டு வைக்க?”

சீதாவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஆக, மறதி இல்லை. ஐந்து நாளாக மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்து, பாவம் கடையில் கூட்டம் போல என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நான் இறக்கலையா?” கனகராஜ் இப்போது பிரசங்கத்திலேயே இறங்கிவிட்டார். “ஒரு மாத்திரை கெடையாது. நீயும் மூணு மாசம் அப்படி இரு. எல்லாம் மனக்கட்டுப்பாடுதான் சீதா. மனசு வச்சா முடியும்.”

மனக்கட்டுப்பாடாம்! முதல் நாள் ராத்திரியே கொள்ளை ஊறப்போட்டது யாருடைய மனம்? கீரையை ஆய்ந்து, மீன் குழம்பைத் தேங்காய் இல்லாமல் வைத்து, அதில் ருசி இல்லை என்று அவர் தட்டைத் தள்ளியபோது பூண்டைத் தட்டிப் போட்டு மறுபடி வைத்தது யாருடைய கட்டுப்பாடு? எலும்பு சூப்பை ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துக் கொடுத்தது எந்த மகாத்மா? இந்த மனிதர் ஆறு மாதத்தில் செய்த ஒரே வேலை, உட்கார்ந்து வாயைத் திறந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டி என்றால் அதெல்லாம் உண்டு என்று விட்டுவிடலாம். சீதாவின் வயிற்றில் எரிந்தது வேறு.

டயட் ஆரம்பித்த முதல் வாரம் அவள் மஞ்சள் கருவைக் குப்பைக் கூடையில்தான் போட்டாள். கனகராஜ் பார்த்துவிட்டார். அன்று அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “சோத்தக் குப்பையில போடுத வீடா இது? எங்கப்பா ஒரு பருக்கையக் கீழ விடமாட்டாரு!”

அன்றிலிருந்து எதுவும் குப்பைக்குப் போகவில்லை. தினம் நான்கு மஞ்சள் கருவை வெங்காயம் போட்டு வதக்கிச் சீதா பழையதோடு சாப்பிட்டாள். அவருடைய பாலிலிருந்து எடுத்த ஆடை அவள் காப்பிக்கு வந்தது. சூப்பில் வழித்த கொழுப்பை வீணாக்காமல் தன் தோசைக்கு ஊற்றிக்கொண்டாள். கடையில் வாடிக்கையாளர்கள் கொடுத்த நெய் இனிப்புகளை அவர் பெருமையாக ‘எனக்கு வேண்டாம்’ என்று நகர்த்தி வைத்தபோதெல்லாம் அந்தப் பெட்டிகளைக் காலி செய்ததும் அவள்தான். தாரணியோ அலுவலகத்திலேயே சாப்பிட்டு வருகிறவள்.

அவர் உடம்பிலிருந்து இறங்கியது எங்கேயும் காணாமல் போகவில்லை. அதே வீட்டில், எதிர்த் தட்டில்தான் ஏறியிருந்தது. டாக்டர் ‘என்ன சாப்பிடுறீங்க’ என்று கேட்டபோது சீதா ‘மிச்சம் மீதிதாம்மா’ என்று சிரித்தது இப்போது நினைவுக்கு வந்து அவளைச் சுட்டது. அதில் சிரிக்க என்ன இருந்தது?

தாரணி கேமராவைத் துடைத்தபடி அறையிலிருந்து வந்தாள். அப்பாவின் டயட் வீடியோக்களை இணையத்தில் போடுகிறவள் அவள்தான்; இன்றைய பேச்சைப் படம் பிடிக்க விடுப்பு எடுத்திருந்தாள். “என்னம்மா, மாத்திரை ஒத்துக்குதா? தலைசுத்தல் ஏதும் இல்லையே?”

சீதா வாயைத் திறப்பதற்குள் கனகராஜ் முந்திக்கொண்டார். “அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ கேமராவுக்குச் சார்ஜ் போடு.” சொல்லிக்கொண்டே மேசைப் பக்கம் வந்தவர், தாம்பாளத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு தூக்கை எட்டிப் பார்த்தார்.

“ஆத்தாடி, இவ்வளவா! வீணாக்கிராத சீதா. ஃப்ரிட்ஜ்ல வை. ஒரு வாரத்துக்கு உனக்கு ஆச்சு.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் சீதாவை அடியோடு உலுக்கியது. எந்தப் புடவைத் தலைப்பைக் காட்டினாலும் அதற்கு இம்மி பிசகாத நிறத்தில் ஜாக்கெட் துணி எடுத்துப் போடுகிற கண் அது. பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டி மட்டும் அந்தக் கண்ணுக்குப் படவில்லை.

“அம்மா, என்ன அப்படி நிக்கிற?” என்றாள் தாரணி.

“ஒண்ணுமில்ல.” சீதா தூக்கை அழுத்தி மூடினாள். குளிர்பெட்டிப் பக்கம் போகவில்லை. அதைச் சூப் பாத்திரங்களோடு பையில் வைத்தாள்.

கனகராஜும் தாரணியும் முன்னதாகவே காரில் போய்விட்டார்கள். பாத்திரங்களோடு சீதா ஆட்டோவில் போனாள். தெருமுனை ஸ்டாண்டுத் துரைராஜுக்கு அவளை நன்றாகத் தெரியும்.

“இன்னாம்மா, இவ்ளோ சாமான்? கல்யாணமா?”

“கூட்டம். மெதுவா போப்பா, சூப் கொட்டிரும்.”

“ரோட்ட தோண்டிப் போட்டுக்கினு கீறான், நான் இன்னாம்மா பண்றது?” அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “ஒடம்பு சரியில்லையா? மூஞ்சி ஒரு மாதிரி கீது.”

வீட்டில் இருப்பவருக்குத் தெரியாதது ஆட்டோ கண்ணாடியில் தெரிகிறது! சீதாவுக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் இன்னும் ஒரு சுற்று ஏறியது. “கூட்டம் முடியற வரைக்கும் வெளியிலேயே நில்லுப்பா. நான் சீக்கிரமே வந்தாலும் வருவேன்” என்றாள்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் சங்கச் செயலாளர் ரகுபதி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ரத்னா சீதாவுக்குச் சூப் ஊற்றிக் கொடுக்க ஒத்தாசை செய்தாள்.

“அண்ணாச்சி வீடியோவத்தான் மதினி எங்க வீட்டுல தெனம் ஓடுது. உங்க கைப்பக்குவம் எங்களுக்கு வருமா?”

சீதா அடுத்த கிண்ணத்தை நீட்டினாள். மேடையில் கனகராஜுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அவர் நன்றாகத்தான் பேசினார். வியாபாரி அல்லவா, எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பேசத் தெரியும். ‘நான் விட்டேன்’, ‘நான் ஒதுக்கினேன்’, ‘நான் ஜெயித்தேன்’ என்று ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தாரணி கீழே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நீளமான பேச்சில் சீதாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வரவேண்டும் என்று அவளும் இப்போது எதிர்பார்க்கவில்லை.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். ரத்னாதான் முதலில் எழுந்தாள்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வெள்ளைக்கரு சரி. தெனம் அந்த மஞ்சக்கருவ என்ன செய்ய?”

கனகராஜ் சிரித்தார். “அதப் பத்திக் கவலையே படாதீங்க. நம்ம வீட்டுல எதுவும் வீணாகாது. அதுக்குத்தான வீட்டம்மா இருக்காங்க!”

மண்டபம் சிரித்தது. ஆண்கள் பக்கம் சத்தமாக, பெண்கள் பக்கம் பழக்க தோஷத்தில்.

சீதா கரண்டியைக் கீழே வைத்தாள். பையிலிருந்து தூக்கை எடுத்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள். ஏதோ பலகாரம் கொண்டு வருகிறாள் என்று வழிவிட்டார்கள். நான்கு படி. ஏறியபோது மூச்சு வாங்கியது. ஒரு நொடி நின்று, மேலே போய், கனகராஜின் முன்னால் மேசைமேல் தூக்கை வைத்து மூடியைத் திறந்தாள்.

“அத்தான், ஒண்ணு சாப்பிடுங்க.”

ஒலிபெருக்கி அதையும் வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது.

“என்ன சீதா இது, சபையில வந்து...” அவர் பல்லிடுக்கில் பேசினார்.

“ஒண்ணே ஒண்ணு. வீணாக்கக் கூடாதுல்லா.”

“எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்கு மட்டும் ஆகுமா?”

கொள்ளு சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கனகராஜ் ஒலிபெருக்கியைக் கையால் மூடப் பார்த்தார். சீதா அதை ஸ்டாண்டோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல்யாணமான இந்த முப்பது வருடத்தில் அவள் மேடை ஏறியதில்லை. எப்படிப் பேசுவது என்று யோசிக்கவும் இல்லை.

“எனக்குக் கொழுப்பு இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. எங்கம்மா இதே நெஞ்சுவலியில போனாங்க, இங்க உள்ள பாதிப் பேரு அந்த எழவுக்கு வந்தீங்க. டாக்டரம்மா வெள்ளிக்கிழமை மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. இன்னைக்குப் புதன். ஏன் வாங்கலன்னு கேட்டா, இந்தக் கூட்டம் முடியணுமாம். நான் மாத்திரை போட்டா இவருக்கு மொகம் போயிருமாம்.”

“தாரணி! கேமராவ நிறுத்துளா!” கனகராஜ் கத்தினார். கோபம் வந்தால் அவர் நாக்கு சொந்த ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்கே போய்விடும்.

தாரணி நிறுத்தவில்லை. ஐந்து நாளாக அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள்.  அப்பாவின் முகத்திலிருந்து கேமராவை அவள் நகர்த்தவே இல்லை.

“இவர் சொன்னது எதுவும் பொய் இல்ல” என்றாள் சீதா. “டயட் நல்லாவே பலிச்சுது. ஏன்னா இவருக்குப் பொங்கிப் போட நான் இருந்தேன். இவர் வேண்டாம்னு தள்ளுனதத் திங்கவும் நானே இருந்தேன். இப்ப என்னையும் டயட்டுல இறக்கச் சொல்லுதாரு. சரி, இறக்குதேன். எனக்கு யாரு பொங்கிப் போடுவா? நீங்களா அத்தான்?”

கனகராஜ் மூடியை எடுத்துத் தூக்கை மூடினார்.  

சீதா அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பேனாவையும் கண்ணாடியையும் விட்டுவிட்டு, நான்காக மடித்திருந்த மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். தூக்கை மேசைமேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ரத்னா பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“மதினி, நான் சிரிச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுல அவுக... நெஞ்சுல ஆப்பரேஷன் பண்ணினதுலேருந்து போட்ட மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டாக. மூணு வாரமாச்சு. அண்ணாச்சி வீடியோ பாத்துட்டுத்தான். டாக்டர்ட்டகூடச் சொல்லல.”

சீதா திரும்பி மண்டபத்துக்குள் பார்த்தாள். மின்விசிறிக்கு அடியில் ரகுபதி இன்னும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அடுப்படியில் விழுந்த அன்று காலை முந்தானையால் இப்படித்தான் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இங்க நின்னு என்கிட்ட பேசாதீங்க ரத்னா. இப்பவே ரகுபதி அண்ணாச்சிய எழுப்பி, கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தாரணிட்டச் சொல்லுங்க, வண்டி எடுப்பா. போங்க!”

ரத்னா உள்ளே ஓடினாள். அவள் ரகுபதியின் தோளைத் தொட்டு எழுப்புவதையும், தாரணி கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பக்கம் ஓடுவதையும் பார்த்த பிறகே சீதா தெருவில் இறங்கினாள்.

துரைராஜ் பனகல் பூங்கா பக்கம் ஊர்க்காரர் யாரும் இல்லாத ஒரு மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், அட்டையை எடுத்து உறையில் போட்டார், “ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒண்ணு” என்றார். ஐந்து நாளாகப் பெரிய மலையாக நின்ற காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் சீதாவுக்கு எரிச்சல் கூடத்தான் செய்தது.

ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் கைபேசி அடித்தது. அத்தான்.

எடுத்தாள். ரகுபதியைப் பற்றி ஏதாவது சொல்வாரோ என்று காதை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“எங்க இருக்க?” கனகராஜின் குரல் தாழ்ந்திருந்தது. “ரகுபதி அண்ணாச்சிய தாரணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. ஒண்ணும் இருக்காது. சரி, நடந்தது நடந்துபோச்சு. வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்.” அடுத்த மூச்சிலேயே தொடர்ந்தார். “காலையிலேருந்து ஒழுங்கா ஒண்ணும் சாப்பிடல. ராத்திரிக்கு எனக்கு என்ன வச்சிருக்க?”

சீதா கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவதற்கு வாய் வரை வந்த அத்தனையும் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் சின்னதாகிப் போனது.

“அறுபது மஞ்சக்கரு இருக்கு அத்தான். வீணாக்கிராதீங்க.”

கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். மருந்து உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வூட்டுக்குத்தானம்மா?” துரைராஜ் வண்டியைக் கிளப்பினார்.

“இல்லப்பா. அடையாறு.”

“அங்க யாரும்மா கீறாங்க?”

“என் தங்கச்சி” என்றாள் சீதா. “அவளும் எங்கம்மா பொண்ணுதான்.”